மூட்டையில் பழகிய கை

எனக்கு முதன்முதலில் பழகிய எழுத்துகளுக்குக் கூரை, பாம்பு, சீப்பு என்று பெயர். நானே வைத்த பெயர்கள். சாய்ந்த இரண்டு கழிகளும் நடுவில் ஒரு சட்டமும் சேர்ந்தால் கூரை. வளைந்து நெளிந்தது பாம்பு. மூன்று பல் உள்ளது சீப்பு. அவை இங்கிலீஷ் எழுத்துகள் என்பதும், எங்கள் எஸ்டேட்டின் அடையாளம் என்பதும் தெரியும். படிக்க மட்டும் தெரியாது. தமிழ் எழுத்தே என் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் சிலேட்டைப் பார்த்துத்தான் வந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். பிறந்தது மலை அடிவாரத்தில், கடலைக்காய் விளைகிற வறண்ட ஊர். வாழ்க்கைப்பட்டு வந்தது மலைமேல், வாழவந்தி ஊருக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட். பத்து அறைகளை வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. என் கணவர், மாமியார், நான். மாமியாரும் நானும் பழம் பறிக்கப் போவோம். என் கணவருக்கு ஸ்டோரில் வேலை. காய்ந்த காப்பியை மூட்டை பிடித்துத் தைத்ததும், ஒவ்வொரு மூட்டையிலும் எஸ்டேட் எழுத்துகளையும் நம்பரையும் மையால் எழுத வேண்டும். தகட்டில் வெட்டிய அச்சு துருப்பிடித்து உடைந்து போயிருந்ததால் அவர் கையாலேயே எழுதுவார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த மை. கத்தாழை நாரைக் குச்சியில் கட்டிய தூரிகை. மத்தியானம் சோறு கொண்டு போகும்போது நான் ஓரமாக நின்று பார்ப்பேன். காப்பித் தூசியும் கோணிச் சாக்கும் அந்த மையும் கலந்த வாசனை இன்றைக்கும் எங்கிருந்தாவது வந்தால் நின்றுவிடுகிறேன்.

கல்யாணமான அடுத்த தை மாதம் அவருக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கித் தூக்கிப் போடும். கொயினா மருந்து குடித்து, காது அடைத்துப்போய்ப் படுத்திருந்தார். மூட்டைகள் கீழே இறங்குகிற சமயம் அது. லாரி வந்து நிற்கும்போது மூட்டையில் மார்க் இல்லையென்றால் வேறொருவனை அந்த வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, நடுங்கிக்கொண்டே எழுந்து போனார். நான் கூடவே போனேன். முதல் மூட்டையிலேயே கை உதறி, பாம்பின் வால் மூட்டையின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“ஏனுங்க, அந்தக் குச்சிய இங்க குடுங்க” என்றேன்.

“உனக்கு எழுத்துத் தெரியாதே புள்ள.”

“எழுத்துத் தெரியாதுங்க. உருவந் தெரியுமுங்க.”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எழுதினேன். முதல் கூரை கொஞ்சம் சரிந்தது. நான்காவது மூட்டைக்குள் கைக்குப் பிடிபட்டுவிட்டது. சாக்கின் முரட்டு இழைமேல் தூரிகையை எவ்வளவு அழுத்தினால் மை கசியாது, வளைவில் எங்கே கையைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தது. அதுவரை எந்த வேலையிலும் எனக்கு அப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை. கூடை நிறையப் பறித்தால் நிம்மதி வரும். இது வேறு மாதிரி இருந்தது. சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

மறுநாள் ரைட்டர் வந்து மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு, கடிதம் எல்லாம் பார்க்கிறவர். எந்நேரமும் துரைக்குப் பயந்துகொண்டே இருக்கிற மனுஷன்.

“ஏனப்பா, காய்ச்சல்ல நடுங்கறவன் எழுத்து இத்தனை நேரா நிக்குது?”

என் கணவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரைட்டர் திரும்பி என் முழங்கை வரைக்கும் இருந்த மையைப் பார்த்தார். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, “ஆம்பள எழுதுனதா பொம்பள எழுதுனதான்னு மூட்டைக்குத் தெரியாது. தொரை கண்ணுல மட்டும் பட்டறாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் எழுதினேன். என் கணவர் குணமானதும் தூரிகையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பறிக்கப் போனேன்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. செடிக்குச் செடி நகரும்போது கண் எதையாவது பிடித்துக்கொள்ளும். நிழலுக்கு நட்ட சில்வர் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி. தூரத்து ஓடையில் தண்ணீர் குடிக்க வந்து, தலையைத் தூக்கி எங்களையே பார்க்கும் காட்டெருமை. வீட்டுக்கு வந்ததும் அடுப்புக் கரியை எடுத்து, கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில் அதைப் படமாக எழுதிப் பார்ப்பேன். மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் சாணி மெழுகுவார். எல்லாம் அழிந்துபோகும். சனிக்கிழமை வேறு எழுதுவேன். “கரியெல்லாந் தீந்துருது, பல்லு வெளக்க ஒரு துண்டு கெடைக்கறதில்ல” என்று முணுமுணுப்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒரு நாள் பக்கத்து அறை அக்காவை எழுதினேன். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். லைனில் எனக்கு முதலில் சிநேகமானவர் அவர்தான். கால் கட்டைவிரலை ஊன்றி எம்பி, ஒரு கையால் உச்சிக் கிளையை வளைத்துக்கொண்டு பழம் பறிப்பார். அந்த முதுகையும், முந்தானையை இறுக்கிச் செருகிய இடுப்பையும், எம்பிய குதிகாலையும் எழுதினேன். மூஞ்சி இல்லை. அப்படியும் அவர் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

“அட, என்ற முதுகு!” என்று சிரித்து, லைனில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் வந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு நான்காம் நாள், மழையில், செம்மநத்தம் பக்கமிருந்து விறகுக் கட்டோடு வந்த அக்கா பாறையில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மாதத்துக்குமேல் படுத்துக் கிடந்தார். எலும்பு கூடியபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது.

தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். “எம்பி நிக்கற காலச் செவுத்துல கட்டிப் போட்டுட்டா. பொறவு அந்தக் கால் எப்பிடி நெலத்துல நிக்கும்?” அதை யாரும் மறுக்கவில்லை. நான் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் மாமியார் அந்தச் சுவரை மூன்று முறை மெழுகினார். மெழுகிவிட்டுச் சூடம் ஏற்றினார்.

“எனக்கு உன்மேல கோவமில்ல கண்ணு. பயமா இருக்குது” என்றார்.

என் கணவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். “கொஞ்ச நாளைக்கு உட்ரு புள்ள” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். மற்றவர்கள் தடுத்ததால் மட்டும் விட்டேன் என்று சொன்னால் அது பொய். நானே பாதி நம்பினேன். அக்கா நொண்டி நடந்து வருவது தெரிந்தால் வேறு பாதையில் போய்விடுவேன். அவரும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசாததே எனக்குத் தீர்ப்பாக இருந்தது. அதற்குள் மகள் பிறந்தாள். தொட்டிலில் அவள் தூங்கும்போது உதடு ஒரு மாதிரி குவியும். அதைப் பார்த்துக்கொண்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருப்பேன். பொங்கலுக்கு வாசலில் கோலம் போடும்போதுகூடப் புள்ளியும் கோடும்தான். கிளி, மயில் எதுவும் போடமாட்டேன். உயிருள்ள எதையும் தொடக்கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

அப்போது உலகச் சண்டை பெரிதாகிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டிலிருந்தும் கொட்டச்சேட்டுப் பக்கமிருந்தும் ஆட்கள் சேலத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார்கள். அக்காவின் புருஷனும் கொடுத்தார். பத்து நாளில் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு.

ஒரு மத்தியானம் நான் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கண்ணு, என்ற மூஞ்சிய ஒரு காயிதத்துல எழுதிக் குடு. எங்கூட்டுக்காரரு கொண்டு போவாரு.”

முறம் என் மடியில் சாய்ந்துவிட்டது. “வேண்டாமுங்க அக்கா.”

“ஏன்?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் உள்ளே வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அந்தக் காலை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

“பாசி புடிச்ச பாறை கண்ணு. சுத்திப் போனா நேரமாகுமுன்னு அதுமேல காலெ வெச்சது நானு. நீ எழுதாட்டியும் அன்னைக்கு நான் விழுந்துதான் இருப்பேன்.”

“அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே.”

“வலியில கெடந்தனே. வெளிய என்ன பேசிக்கறாங்கன்னு எனக்கு ஆரு வந்து சொன்னாங்க? நான் எந்திரிச்சு நடக்கையில நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு வேற தடத்துல போனே. எம்மேல உனக்கு என்னவோ வருத்தமுன்னு நானும் உட்டுட்டேன்.”

இரண்டு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படுத்து, ஒருவரையொருவர் தப்பாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

“பொறவு அந்தப் பேச்சு என்ற காதுலயும் விழுந்துச்சு. எனக்கும் சித்தெ பயமாத்தான் இருக்குது” என்றார். “இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அவரு போற எடத்துல என்ற மொகம் அவருக்கு மறந்துபோச்சுன்னா? அந்தப் பயம் பெருசா இருக்குது.”

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அன்னைக்குத் தொட்டியடியில பேசுனாங்கல்ல, நான் போயி ரெண்டு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்கல. ரைட்டரய்யாகிட்டக் காயிதம் நான் வாங்கியாரட்டுமா?”

“நானே போறனுங்க” என்றேன்.

பழம் பறிக்கிற பெண் தனியாக ஆபீஸ் படி ஏறுவது அப்போது வழக்கம் இல்லை. படிக்குக் கீழேயே மூன்று முறை போய்த் திரும்பினேன். நான்காவது முறை ரைட்டரே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஆருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டார். எனக்குத் தாள் வேண்டும், பென்சில் வேண்டும், படம் எழுத வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பார்சல் சுற்றி வந்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து, மேஜைமேல் வைத்து, சுருக்கம் போகிறவரை உள்ளங்கையால் தேய்த்தார்.

“ஒரு முனை செவப்பு, ஒரு முனை நீலம். ஆபீஸ் பென்சில். திருப்பிக் கொண்டாந்துரோணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் பின்னால் இருந்த பாறையில் அக்காவை உட்காரவைத்தேன். உள்ளே வெளிச்சம் போதாது. வெளியே என்றால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று அக்காதான் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

முதல் கோடு கன்னத்தைத் தாண்டிக் காதுக்கு ஓடிவிட்டது.

“நீ பயப்படறது தெரியுது கண்ணு. நானும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். எழுது” என்றார்.

தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி தொடங்கினேன். மூட்டையில் எழுதியபோது முன்னால் ஓர் உருவம் இருந்தது, அதைப் பார்த்து அப்படியே போட்டேன். இதில் அப்படி இல்லை. அக்காவின் முகம் நொடிக்கு நொடி மாறியது. ஒரு சமயம் சிரிப்பை அடக்கினார், ஒரு சமயம் நினைப்பில் எங்கோ போய்விட்டார். புருவத்தில் சின்ன வயசுத் தழும்பு ஒன்று உண்டு. அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“தழும்பையும் போடு, ஒதட்டு மேல இருக்கற மச்சத்தையும் போடு. அழகா எழுதறேன்னு வேற ஆரையாச்சும் எழுதிப் போடாதே.”

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். தொட்டியடியில் பேசியவளும் நின்றாள். பாதி எழுதும்போது மூடுபனி இறங்கி, பொசுபொசுவென்று தூறல் விழ ஆரம்பித்தது. தாள் நனையப் போகிறதே என்று நான் எழப் போனபோது, தலைக்குமேல் இருட்டியது. மாமியார் மழைக்குப் போட்டுக்கொள்ளும் தன்னுடைய கம்பளிக் கொங்காடையைக் கழற்றி, எனக்கும் தாளுக்கும் சேர்த்து விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலை நனைந்துகொண்டிருந்தது.

“அத்தெ, நீங்க நனையறீங்க.”

“எங்கையி சித்த நேரம் தாங்கும். நீ வெரசா முடி” என்றார்.

முடித்துக் கொடுத்தபோது அக்கா விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். அவர் புருஷன் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏதோ கேக்க வாயத் தொறக்கற மாதிரியே இருக்குது” என்றார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு ஏதாவது ஆகுமோ என்று ஒரு மாதம் வரைக்கும் தினமும் காலையில் அவர் இருமுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. பயத்தோடுதான் அடுத்த படத்தையும் எழுதினேன்.

அடுத்த படம் வந்துவிட்டது என்பதுதான் விஷயம். மறுவாரத்திலேயே இன்னொரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறகு ஒரு தாய், மகன் போகிறான் என்று. தொட்டியடிப் பெண்ணும் வந்தாள், தன் தம்பி கையில் கொடுத்து அனுப்ப. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் பழையதைப் பேசவில்லை. உட்கார்ந்தாள், எழுதினேன். மொத்தம் ஒன்பது முகங்கள், ரைட்டர் கொடுத்த பழுப்புத் தாள்களில், எங்கள் மலையிலிருந்து இறங்கிப் போயின. பென்சிலை இரண்டு விரல் நீளத்துக்குச் சீவித் தீர்த்தபிறகு ரைட்டரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “இதெ வெச்சு நான் என்ன பண்றது?” என்று சொல்லி, புதிதாக ஒன்றைக் கொடுத்தார்.

சண்டை முடிந்தபோது போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அந்தக் கைக்குழந்தைக்காரியின் புருஷன் வரவில்லை. அவள் முகம் எந்த ஊர் மண்ணில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். அக்காவின் புருஷன் திரும்பினார். படத்தைக் காட்டினார். தண்ணீர் பட்டு, மடிப்பில் கிழிந்து, தழும்பும் மச்சமும் ஒரு கண்ணும் மட்டும் மிஞ்சியிருந்தன.

“மிச்சத்தெ நானே நெனப்புல போட்டுக்குவனுங்க” என்றார். புதிதாக எழுதித் தரட்டுமா என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்குள் நான் கோயில் திருவிழாவுக்குத் துணியில் படம் எழுதிக் கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தேன். ஆனாலும் பழம் பறிக்கிறவள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சேலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற இடம் ஒன்று இருப்பதாக லாரிக்காரர் சொன்னார். போக வேண்டும் என்று நினைத்து நினைத்து ஒரு பறிப்புக் காலம் முழுவதும் போய்விட்டது. அடுத்த சித்திரையில், மழை பெய்து காப்பி பூத்து மலையே வெள்ளையாகி வாசனை அடிக்கிற அந்த ஒரு வாரத்தில், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். என் கணவரும் வந்தார். வளைவுகளில் எனக்கு வாந்தி. சேலத்தில் இறங்கியபோது முகம் கழுவக்கூடத் தெம்பில்லை.

போர்டு எழுதுகிற கடைக்காரர் பெரிய மீசைக்காரர். ஏணிமேல் நின்று ஒரு நெய்க்கடைக்கு எழுதிக்கொண்டிருந்தார். என் கணவரைப் பார்த்து, “என்னப்பா, வேலைக்கா?” என்று கேட்டார்.

“நான் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு என் கணவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

கடைக்காரர் ஏணியிலிருந்தபடியே என்னைப் பார்த்தார். “நீ என்னம்மா பண்ணுவே?”

பழம் பறிப்பேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“படம் எழுதுவனுங்க” என்றேன்.

என் வாயால் நான் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் பெரிதாகத்தான் வந்திருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறங்கி வந்து, கீழே சாத்தியிருந்த வெறும் பலகை ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளி, “ஒரு பசுமாடு எழுது பாக்கலாம். கன்னுக்குட்டியோட” என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தேன்.